எந்தச் சீட்டு, எந்தப் பிரிண்டர்?

கணினியில் ஓடும் ஒரு மென்பொருள் தாளில் எதையேனும் அச்சிடப் போகிறது என்றால், அது முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் எந்தப் பிரிண்டரில் அச்சிடுவது என்பதுதான். வீட்டில் ஒரே ஒரு பிரிண்டர் இருக்கும் வரை இந்தக் கேள்வி கண்ணில் படுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல், காலணி ஏற்றுமதி நிறுவனங்களில் இது அன்றாடக் கேள்வி. ஒரே சரக்குக்கு மூன்று நான்கு வகைச் சீட்டுகள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரிண்டரில் வர வேண்டும். அலுவலகத்தில் விண்டோஸ், டிசைன் பிரிவில் மேக், சர்வர் அறையில் லினக்ஸ் என்று இயங்குதளங்களும் கலந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. மூன்றிலும் ஓடும்படி எழுதப்படும் மென்பொருள், மூன்று வகைக் கணக்கு வைத்திருக்கும் மூன்று வீடுகளுக்கும் சரியாகப் போய்வர வேண்டியிருக்கிறது.

சரக்கு ஒன்று, பிரிண்டர் மூன்று

ஏற்றுமதிக்குப் போகும் ஒரு ஜோடி ஷூவின் பயணத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். பல நிறுவனங்களில் அப்பர் தைக்கும் வேலை ஜாப் ஒர்க்காக வெளி யூனிட்டுகளுக்குப் போகிறது. வெட்டிய தோல் துண்டுகள் வண்டியில் ஏறும்போது கூடவே டெலிவரி சலான் போக வேண்டும். ஜிஎஸ்டி விதி 55 இந்தச் சலானை மூன்று படிகளாகக் கேட்கிறது: பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புபவர் கையில் ஒன்று. இதற்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தோதானது. அதன் ஊசிகள் ரிப்பன் மீது அடிக்கும் ஒரே அடியில், கார்பன் தாளின் அடியில் இருக்கும் படிகளிலும் எழுத்து பதிந்துவிடும். லேசர் பிரிண்டரில் ஊசியும் இல்லை, அடியும் இல்லை. ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

தைத்து முடிந்து, சோல் ஒட்டி, பாலிஷ் ஏறிய ஜோடி பேக்கிங் பிரிவுக்கு வருகிறது. பெட்டியின் குறுகிய பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. ஆர்ட்டிக்கிள் எண், நிறம், அளவு, பார்கோடு எல்லாம் அதில் இருக்கும். 41ஆம் அளவுக்கு ஒரு பார்கோடு எண், 42க்கு வேறு எண். இது தெர்மல் லேபிள் பிரிண்டரின் வேலை. வரிசையாக நிற்கும் நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் ரிப்பனில் உள்ள மையை உருக்கி லேபிளில் பதிக்கின்றன. பெட்டிகளை அடுக்கிய கார்ட்டனுக்கு இன்னும் பெரிய லேபிள் வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தனியாக இன்னொரு தெர்மல் பிரிண்டர் இருக்கும்.

அலுவலகத்தில் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் லேசர் பிரிண்டரில் ஏ4 தாளில் வருகின்றன. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியானது. இதனால் நடுத்தர நிறுவனங்களின் இன்வாய்ஸிலும் கியூஆர் குறியீடு இடம்பெறுகிறது. அது ஸ்கேனர் படிக்கும்படி தெளிவாக விழ வேண்டும்.

சீட்டு மாறிப் போனால் என்ன ஆகும்? ஏ4 இன்வாய்ஸ் தவறி லேபிள் பிரிண்டருக்குப் போனால், ஒவ்வொரு லேபிளிலும் இன்வாய்ஸின் ஒரு மூலை மட்டும் அச்சாகி, ரோலும் ரிப்பனும் வீணாகும். லேபிளுக்கான கட்டளைகள் லேசர் பிரிண்டருக்குப் போனால், கேரட் குறியில் தொடங்கும் புரியாத எழுத்துகள் தாள் தாளாக வந்து விழும். கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய மாலையில் இப்படி நேர்ந்தால் பேக்கிங் பிரிவு முழுவதும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இயங்குதளத்தின் கணக்கு

எந்த மென்பொருளும் பிரிண்டரோடு நேராகப் பேசுவது அரிது. நடுவில் இயங்குதளம் நிற்கிறது. விண்டோஸில் அந்த வேலையைச் செய்வது ஸ்பூலர் என்னும் சேவை. நிறுவப்பட்ட ஒவ்வொரு பிரிண்டருக்கும் அது ஒரு பெயர், ஒரு டிரைவர், ஒரு போர்ட் என்று குறித்து வைத்திருக்கும். மென்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒரு பெயரைச் சொல்லி, அச்சிட வேண்டியதை ஒப்படைக்கிறது.

மேக், லினக்ஸ் இரண்டிலும் அந்த இடத்தில் இருப்பது கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997இல் தொடங்கி, 1999இல் வெளியிட்ட அச்சு அமைப்பு இது. ஆப்பிள் 2002இல் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2 பதிப்பில் இதைச் சேர்த்தது. 2007இல் இதன் மூல நிரலை விலைக்கு வாங்கியது. கப்ஸ் பேசும் மொழி ஐபிபி என்னும் இணைய அச்சு நெறிமுறை. அதற்கென ஒதுக்கப்பட்ட போர்ட் எண் 631.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. ஆக, இந்த வட்டாரத்துக்கு மென்பொருள் எழுதுபவர் விண்டோஸ் மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது.

மூன்று தளத்துக்கும் ஒரே நிரலை எழுத உதவும் கருவித்தொகுப்புகள் பல உண்டு. கியூடி, ஜாவா, ஜிடிகே, எலக்ட்ரான் ஆகியவை இந்த வேறுபாடுகளை ஒரு திரைக்குப் பின்னால் வைத்து, ‘பிரிண்டர் பட்டியல் கொடு’, ‘இதில் அச்சிடு’ என்று எளிய கட்டளைகளைத் தருகின்றன. திரை மெல்லியது. பின்னால் இருக்கும் வேறுபாடு பெயரில், தாள் அளவில், புள்ளி அடர்த்தியில் என்று ஒவ்வோர் இடத்திலும் எட்டிப் பார்க்கும்.

பெயரும் அடையாளமும்

முதல் சறுக்கல் பெயரில்தான். விண்டோஸில் பிரிண்டருக்கு ‘பேக்கிங் லேபிள் 1’ என்று இடைவெளி விட்டுப் பெயர் வைக்கலாம். கப்ஸ் வரிசையின் பெயரில் இடைவெளிக்கு அனுமதி இல்லை. அதனால் கப்ஸ் ஒவ்வொரு பிரிண்டருக்கும் இரண்டு பெயர் வைத்திருக்கிறது. ஒன்று கணினிக்கான வரிசைப் பெயர். மற்றது மனிதர் படிப்பதற்கான விவரம். மேக் திரையில் ‘பிரதர் கியூஎல்-820’ என்று தெரியும் லேபிள் பிரிண்டரின் உள்பெயர் ‘பிரதர்_கியூஎல்_820’ என்று அடிக்கோடுகளுடன் இருக்கும். திரையில் கண்ட பெயரைச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதைச் சொல்லி அச்சிடச் சொன்னால், ‘அப்படி ஒரு பிரிண்டர் இல்லை’ என்ற பதில்தான் வரும். எலக்ட்ரானின் கையேடு இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது: இயங்குதளம் வைத்த பெயரைக் கொடுக்க வேண்டும், பார்வைக்கு இனிய பெயரைக் கொடுக்கக் கூடாது.

பெயர் நிலையாக நிற்கும் என்றும் நம்ப முடியாது. யுஎஸ்பி கேபிளை ஒரு போர்ட்டிலிருந்து பிடுங்கி வேறு போர்ட்டில் சொருகினால், விண்டோஸ் சில பிரிண்டர்களைப் புதிதென்று எண்ணி, பெயரின் பின்னால் ‘காப்பி 1’ என்று சேர்த்து இன்னொன்றைப் பட்டியலில் வைத்துவிடும். தலைமை அலுவலக சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் வழியே வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. அவர்கள் மேசைப் பிரிண்டர் சர்வரில் ‘ரீடைரக்டட் 3’ என்ற வாலோடு தெரியும். அந்த எண் அந்த நேரத்து அமர்வின் எண். அடுத்த முறை நுழையும்போது அது 5 ஆகலாம், 9 ஆகலாம். வால் உட்பட முழுப் பெயரையும் சேமித்த மென்பொருள் தினமும் காலையில் தன் பிரிண்டரைத் தொலைத்துவிட்டு நிற்கும். எண்ணைத் தள்ளிவிட்டு முன்பகுதியைக் கொண்டு பொருத்திப் பார்ப்பதே வழி.

நெட்வொர்க் பிரிண்டரின் ஐபி முகவரியும் இப்படித்தான். மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்துவிட்டால், பெயர் பழையபடியே இருக்கும். சீட்டுகள் மட்டும் வரிசையில் தேங்கி நிற்கும். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். மென்பொருளால் தீர்க்க முடியாத ஒன்றை இடத்தில் தீர்ப்பதும் பிரிண்டர் ஏற்பாட்டில் அடங்கும்.

இயல்புநிலை என்னும் பொறி

பிரிண்டரைத் தேர்ந்தெடுக்காத மென்பொருள், இயங்குதளம் கைகாட்டும் இயல்புநிலைப் பிரிண்டரில் அச்சிடும். ஒரே வகைத் தாளோடு முடிகிற இடத்தில் இது வசதி. பல வகைச் சீட்டுகள் புழங்கும் இடத்தில் பொறி.

2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில், இயல்புநிலைப் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது. அது இயங்கும்போது, கடைசியாக எதில் அச்சிட்டார்களோ அதுவே இயல்புநிலையாகிவிடும். மேக்கிலும் ‘கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டர்’ என்றொரு தேர்வு உண்டு. பேக்கிங் பிரிவில் ஒருவர் லேபிள் அச்சிட்டதும், அதே கணினியில் அடுத்து வருபவர் இன்வாய்ஸுக்குப் பட்டனை அழுத்தினால் அது லேபிள் பிரிண்டருக்குப் போவதற்கு இந்த ஒரு வசதியே போதும். இயல்புநிலைப் பிரிண்டரே இல்லாத கணினிகளும் உண்டு. ஜாவாவில் அதைக் கேட்டால் வெற்றுமதிப்பு வரும். அதைச் சோதிக்காத நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

சீட்டின் வகைக்கே பிரிண்டர்

நல்ல மென்பொருள் ‘இந்த மனிதருக்கு எந்தப் பிரிண்டர்’ என்று யோசிப்பதில்லை. ‘இந்த வகைச் சீட்டுக்கு, இந்தக் கணினியில், எந்தப் பிரிண்டர்’ என்று யோசிக்கிறது. பெட்டி லேபிள், கார்ட்டன் லேபிள், சலான், இன்வாய்ஸ் என்று சீட்டின் வகைகளை மென்பொருள் வரையறுக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் எதிரே எந்தப் பிரிண்டர், எந்தத் தட்டு, என்ன தாள் அளவு என்று அந்தந்தக் கணினியில் ஒருமுறை குறிக்கப்படுகிறது. பட்டனை அழுத்தும் பெண்ணுக்குப் பிரிண்டரின் பெயரே தெரிய வேண்டியதில்லை. ‘பெட்டி லேபிள்’ என்று தெரிந்தால் போதும்.

இந்தக் குறிப்பை எங்கே சேமிப்பது என்பதும் முக்கியம். எல்லோருக்கும் பொதுவான தரவுத்தளத்தில் ஒரே பிரிண்டர் பெயரை வைத்தால், ஒரு லைனின் லேபிள் இன்னொரு லைனில் வந்து விழும். பிரிண்டர் கணினியோடு இணைந்த பொருள். எனவே அதன் பெயர் அந்தக் கணினியின் அமைப்புக் கோப்பில்தான் இருக்க வேண்டும். சீட்டின் வகைகளும் வடிவங்களும் பொதுவில் இருக்கலாம்.

கணினியைப் போலவே பயனர் கணக்கும் கணக்கில் வரும். விண்டோஸில் ஒருவர் தன் கணக்கில் இணைத்த நெட்வொர்க் பிரிண்டர், பின்னணியில் வேறு கணக்கில் ஓடும் சேவைக்குத் தெரியாது. ‘திரையில் இருந்து அச்சாகிறது, தானாக அச்சாக மாட்டேன் என்கிறது’ என்ற புகார் பலமுறை இதனால்தான் எழுகிறது. அந்தச் சேவை ஓடும் கணக்குக்கும் பிரிண்டரை இணைத்துக் கொடுக்க வேண்டும்.

லினக்ஸில் ஃபிளாட்பேக் போன்ற அடைப்புக்குள் ஓடும் மென்பொருளுக்கு வேறு வரம்பு. வழக்கமான போர்ட்டல் வழியில் அது பிரிண்டர் பட்டியலைத் தானே பார்க்க முடியாது. இயங்குதளம் அச்சுச் சாளரத்தைத் திறந்து, மனிதர் தேர்ந்தெடுத்ததை மட்டும் அதற்குச் சொல்லும். ஆகவே சாளரம் காட்டாமல் அச்சிடும் லேபிள் வேலைக்கு மென்பொருளை எந்த வடிவில் கொடுப்பது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பார்கோட்டின் அகலம்

சரியான பிரிண்டரைப் பிடித்தால் மட்டும் போதாது. அதன் இயல்பையும் கேட்டறிய வேண்டும். இதற்குப் பெட்டியில் இருக்கும் பார்கோடே நல்ல எடுத்துக்காட்டு.

ஷூ பெட்டியில் வழக்கமாக இருப்பது 13 இலக்க இஏஎன் பார்கோடு. அதன் கோடுகளும் இடைவெளிகளும் சேர்ந்து 95 சம அலகுகள். இருபுறமும் விட வேண்டிய வெற்றிடத்தைச் சேர்த்தால் 113 அலகுகள். ஓர் அலகின் நிலையான அகலம் 0.33 மில்லிமீட்டர். 80 விழுக்காடு வரை குறைக்கலாம், 200 விழுக்காடு வரை பெருக்கலாம். அதாவது 0.264 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

லேபிள் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைக்கும் பிரிண்டருக்கென்று வடிவமைக்கப்பட்டதாகக் கொள்ளலாம். அதில் ஒரு புள்ளி சுமார் 0.085 மில்லிமீட்டர். அலகுக்கு 4 புள்ளி வைத்தால் 0.34 மில்லிமீட்டர். பார்கோடு மொத்தம் 32 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், வெற்றிடத்தோடு 38. 50 மில்லிமீட்டர் லேபிளில் தாராளமாக அடங்கும்.

அந்தப் பிரிண்டர் பழுதாகி, பக்கத்து லைனில் இருந்து 203 டிபிஐ பிரிண்டரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில் ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். அதே 4 புள்ளிக் கட்டளை இப்போது அலகுக்கு 0.5 மில்லிமீட்டர் ஆகிறது. வெற்றிடத்தோடு பார்கோடு 56 மில்லிமீட்டருக்கு விரிந்து லேபிளைத் தாண்டிவிடும். சரி, படமாக்கிச் சுருக்கி அனுப்பலாம் என்றால், 0.34 மில்லிமீட்டருக்கு 2.7 புள்ளி தேவை. அரைப் புள்ளி, கால் புள்ளி என்று பிரிண்டரால் வைக்க முடியாது. சில கோடுகள் 2 புள்ளியாகவும் சில 3 புள்ளியாகவும் விழும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஸ்கேனர் தடுமாறும். 2 புள்ளி வைத்தால் 0.25 மில்லிமீட்டர், அனுமதித்த அளவுக்குக் கீழே. சரியான விடை 3 புள்ளி: அலகுக்கு 0.375, வெற்றிடத்தோடு 42 மில்லிமீட்டர். லேபிளிலும் அடங்கும், அளவுக்குள்ளும் நிற்கும்.

இந்தக் கணக்கை மென்பொருள் தானே போட வேண்டுமானால், அச்சிடும் முன் பிரிண்டரின் புள்ளி அடர்த்தியைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தவறு ஆம்பூரில் தெரியாது. கடல் கடந்து, வாங்குபவரின் கிடங்கில் பெட்டியை ஸ்கேன் செய்யும்போதுதான் தெரியும். அதற்குள் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டிருக்கும்.

தாள் அளவும் இப்படியே. கணினி அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தால் சில மென்பொருள்கள் லெட்டர் அளவை எடுத்துக்கொள்ளும். அது ஏ4ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. தட்டில் ஏ4 இருந்தால் சில லேசர் பிரிண்டர்கள் லெட்டர் தாள் கேட்டு நின்றுவிடும். தாள் அளவை இயங்குதளத்தின் யூகத்துக்கு விடாமல் சீட்டின் வகையோடு எழுதி வைப்பதே பாதுகாப்பு.

டிரைவரோடும் டிரைவரில்லாமலும்

லேபிள் பிரிண்டர்களுக்குச் சொந்த மொழி உண்டு. ஜீப்ரா பிரிண்டர்களுக்கு இசட்பிஎல், டிஎஸ்சி பிரிண்டர்களுக்கு டிஎஸ்பிஎல், டாட் மேட்ரிக்ஸில் பரவலானது எப்சனின் இஎஸ்சி/பி. இந்த மொழியில் நேராக எழுதி அனுப்பினால் வேகமும் துல்லியமும் கிடைக்கும். விண்டோஸில் இதை ‘ரா’ வகை வேலையாக ஸ்பூலரிடம் கொடுக்கலாம். கப்ஸிலும் அதற்கு வழி உண்டு. ஆனால் ரா வரிசைகள் கைவிடப்படப் போவதாக அதன் ஆக்கியோர் அறிவித்துவிட்டார்கள். நெட்வொர்க் பிரிண்டர் என்றால் இயங்குதளத்தையே தாண்டி அதன் 9100 போர்ட்டுக்கு நேராக அனுப்பலாம். மூன்று இயங்குதளத்திலும் ஒரே நிரல் போதும். பதிலுக்கு, வரிசையைப் பார்க்கும் வசதியும் நிறுத்தும் வசதியும் போய்விடும்; அவற்றை மென்பொருளே ஏற்க வேண்டும்.

தமிழ் எழுத்து வரும்போது இந்தக் குறுக்குவழி அடைபடும். டாட் மேட்ரிக்ஸின் உள்ளே இருக்கும் எழுத்துருவில் தமிழ் இருக்காது. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னுமாக அமரும் வேலையையும் அந்தப் பிரிண்டர் அறியாது. சம்பளச் சீட்டிலும் கேட் பாஸிலும் தமிழ் வேண்டுமென்றால் மென்பொருள் எழுத்தை முதலில் படமாக்கி, அந்தப் படத்தைத்தான் அனுப்ப வேண்டும். வேகம் குறையும், ஆனால் தொழிலாளி தன் பெயரைத் தன் மொழியில் படிப்பார். அந்த உழைப்பை மென்பொருள் ஏற்பதே முறை.

காணாமல் போன பிரிண்டர்

குறித்து வைத்த பிரிண்டர் இல்லாதபோது மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரிகிறது. சொல்லாமல் வேறொன்றுக்கு மாற்றி அனுப்புவது எல்லாவற்றிலும் கெட்ட வழி. ‘பெட்டி லேபிளுக்குக் குறித்த பிரிண்டர் இப்போது இல்லை’ என்று தமிழில் சொல்லி, இருப்பவற்றைக் காட்டி, தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வு இந்த ஒரு முறைக்கா, இனி எப்போதைக்குமா என்றும் கேட்க வேண்டும்.

வேலையை ஸ்பூலர் வாங்கிக்கொண்டது என்பதால் அது அச்சாகிவிட்டது என்று பொருளல்ல. ரிப்பன் தீர்ந்திருக்கலாம், ரோல் சிக்கியிருக்கலாம். ‘அனுப்பப்பட்டது’, ‘அச்சானது’ இரண்டையும் ஒன்றாகக் கருதும் மென்பொருளில் மறு அச்சு பெரிய குழப்பமாகிறது. வராத லேபிளை மறுபடி அச்சிட்டபின் பழைய வரிசை திடீரென்று நகர்ந்தால், ஒரே கார்ட்டனுக்கு இரண்டு லேபிள். கார்ட்டனின் வரிசை எண்ணோடு மறு அச்சையும் பதிந்து வைத்தால் இது உடனே பிடிபடும்.

பிரிண்டர் பட்டியலைக் கேட்பதற்கும் நேரமாகும். நெட்வொர்க்கில் பதில் சொல்லாத ஒரு பிரிண்டருக்காகக் காத்திருக்கையில் திரை முழுவதும் உறைந்துபோகும். பட்டியல் எடுக்கும் வேலையைப் பின்னணியில் விட்டு, கிடைத்ததும் காட்ட வேண்டும். ஒருமுறை எடுத்த பட்டியலையே நாள் முழுவதும் நம்பவும் கூடாது. அச்சிடும் கணத்தில் குறித்த பிரிண்டரை மட்டும் மறுபடி சரிபார்த்தால் போதும்.

மாறிவரும் முறை

ஒவ்வொரு மாடலுக்கும் தனி டிரைவர் என்ற காலம் மறைந்து வருகிறது. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரின்ட், பின்னர் வந்த ஐபிபி எவ்ரிவேர் ஆகியவற்றில் பிரிண்டரே தன் தாள் அளவுகளையும் புள்ளி அடர்த்தியையும் சொல்லிவிடும். பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. அலுவலக லேசருக்கு இது பெரிய நிம்மதி. தெர்மல் லேபிளும் டாட் மேட்ரிக்ஸும் இன்னும் தங்கள் சொந்த மொழியையே பெரிதும் நம்பியிருப்பதால், பேக்கிங் பிரிவுக்கு எழுதும் மென்பொருள் இரண்டு வழியையும் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அமைப்புத் திரையில் சீட்டின் ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஒரு ‘சோதனை அச்சு’ பட்டன் இருப்பது நல்லது. காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பெட்டி லேபிள் ஒன்று, கார்ட்டன் லேபிள் ஒன்று, சலான் ஒன்று, இன்வாய்ஸ் ஒன்று. பார்கோட்டை ஸ்கேனரால் ஒருமுறை படித்து, சலானின் மூன்றாம் படியில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தால் போதும். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனை, எந்தச் சீட்டுக்கு எந்தப் பிரிண்டர் என்ற குறிப்பு அன்றைக்கும் சரியாக இருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.